கடைமடைக்கும் பாயட்டும் கல்வி வலையம்

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த பேரறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். கிரேக்க மருத்துவ மேதை கேலனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தளித்த பெருமை அவருக்குரியது. மெய்ப்பிக்கும் முறை பற்றிக் கேலன் எழுதிய நூலொன்றைத் தேடி அவர் மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என நாடு நாடாக அலைந்தார், அலெக்சாந்திரியாவரை சென்றார். முடிவில் தமஸ்கு நகரில் அந்நூலின் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது என அவரே குறித்து வைத்துள்ளார். நபிமொழிகளைத் தொகுத்த இமாம்கள் அறிவு தேடி ஊர்தோறும் சென்ற பயணம் 'ரிஹ்லா' எனப் போற்றப்பட்டது. நம் தமிழகத்திலும் உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளுக்காக ஊர் ஊராகச் சென்று வீடு வீடாகக் கேட்டு நின்ற வரலாற்றை நாம் அறிவோம்.

அன்று அறிஞன் நூலைத் தேடி நடந்தான். இன்று நூல் அறிஞனைத் தேடி வருகிறது. கடல் கடந்த நூலகத்தின் சுவடி ஒன்று ஒளியிழை வழியே நொடிப்பொழுதில் நம் ஊர் எல்லைக்கு வந்துவிடுகிறது. ஆயினும் ஆய்வு மாணவனின் மேசைக்கு அது வந்து சேர்வதில்லை. இடைமறித்து நிற்பது பாலைவனமும் அன்று, பெருங்கடலும் அன்று. நம் கல்லூரி வாயிலுக்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள சில நூறு மீட்டர்த் தொலைவே ஆகும்!

ஆற்றில் வெள்ளம் கரை புரண்டாலும் கடைமடை வயல் காய்ந்து கிடப்பதைக் காவிரிப் படுகையில் பிறந்தோர் கண்டிருப்பர். குறை ஆற்றில் இல்லை. தூர்ந்த வாய்க்காலில் உள்ளது. நம் உயர்கல்வி நிறுவனங்களின் கணிப்பொறி வலையமும் அந்நிலையிலேயே உள்ளது என்பதும், அதன் கடைமடையில் நிற்பவை பெரும்பாலும் மொழித் துறைகளே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

வலையம் வளர்ந்த வரலாறு

இந்தியாவில் கல்விக்கென வலையம் அமைக்கும் முயற்சி புதியதன்று. மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 1986ஆம் ஆண்டில் 'எர்நெட்' என்னும் கல்வி, ஆய்வு வலையத்தைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அதன் தொடக்ககால உறுப்புகள். பொதுமக்களுக்கு இணையச் சேவை வந்ததோ 1995 ஆகஸ்டு 15ஆம் நாளில்தான். ஆக, இந்நாட்டில் இணையம் முதலில் கால் வைத்தது கடைத்தெருவில் அன்று, கல்விக்கூடத்தில் என்பதை மறத்தலாகாது.

2009இல் தொடங்கப்பெற்ற தேசியக் கல்வித் திட்டம் ஒன்றின்கீழ்ப் பல்கலைக்கழகங்களுக்கு நொடிக்கு 1 ஜிகாபிட், கல்லூரிகளுக்கு 10 மெகாபிட் என இணைப்பு வழங்கும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையத்திற்கு 5,990 கோடி ரூபாய் மதிப்பில் அரசு ஒப்புதல் அளித்தது. நாட்டின் ஆய்வுக் கூடங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஒளியிழையால் பிணைக்கும் பெருந்திட்டம் அது. இவற்றை நாம் ஆறு எனக் கொள்ளலாம். ஆறு வெட்டப்பட்டுவிட்டது. வாய்க்கால் வெட்டுவது யார் பொறுப்பு? வளாகத்துக்குள் ஓடும் கம்பியும் கருவியும் அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பே அன்றோ?

எழுத்து சிறிது, ஏடு பெரிது

"தமிழ்த் துறைக்கு எதற்கு இவ்வளவு வேகம்? ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்து அனுப்ப எவ்வளவு வேண்டும்?" என்று வினவுவோர் உளர். எழுத்தை மட்டும் கருதினால் அவ்வினா சரியே. யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு இடம் போதும். திருக்குறள் முழுவதையும் எழுத்தாகச் சேமித்தால் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், வேகம் குறைந்த தொலைபேசி இணைப்புக் காலத்திலேயே பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் பரப்ப முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இன்றைய ஆய்வு எழுத்தோடு நிற்பதில்லை. மூல ஏட்டின் படம் வேண்டும். 15 அங்குல நீளமும் 1.5 அங்குல அகலமும் உள்ள ஓர் ஓலையை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் அளவில் வண்ணப் படமாக்கினால் ஒரு பக்கத்துக்கு 81 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட்டு வீதம் ஏறத்தாழ 24 மெகாபைட்டு. திருக்குறள் முழுவதற்கும் வேண்டிய இடத்தைப்போல் பல பத்து மடங்கினை ஓலையின் ஒரு பக்கம் கேட்கிறது! இரு பக்கமும் சேர்த்து 200 ஓலை கொண்ட ஒரு சுவடிக் கட்டு ஏறத்தாழ 10 ஜிகாபைட்டு ஆகும். நூறு கட்டு என்றால் ஆயிரம் ஜிகாபைட்டு. படத்தைச் சுருக்கலாமே எனலாம். பார்ப்பதற்குச் சுருக்கலாம், பாதுகாக்கும் மூலப்படியைச் சுருக்கினால் சிதைந்த ஓரத்தில் மங்கித் தெரியும் புள்ளியும் சுழியும் முதலில் போய்விடும். பாடபேதம் காண்போர்க்கு அப்புள்ளியே உயிர்.

இனி, இப்படங்களிலிருந்து எழுத்தை இனங்காணக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் பணி உள்ளது. அச்செழுத்தை அது ஓரளவு படிக்கக் கற்றுவிட்டது. ஓலைக் கையெழுத்தையும், வட்டெழுத்தையும், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழையும் படிக்கக் கற்பிக்க வேண்டுமாயின் ஆயிரக்கணக்கான படங்களை அதன்முன் வைக்க வேண்டும். ஓசை ஆய்வுக்கும் நாட்டார் வழக்காற்றுப் பதிவுகளுக்கும் இதுவே நிலை. இயற்பியலாரும் உயிரியலாரும் மட்டுமே பெருந்தரவு கையாள்வோர் என்னும் காலம் கடந்துவிட்டது.

வாயிலில் உள்ள எண்

2017இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் படிவத்தில், நிறுவனத்தின் இணைய இணைப்பு எத்தனை மெகாபிட் என்று ஒரு வினா இருந்தது. எண் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். கல்லூரிகளும் அவ்வெண்ணை உயர்த்தின. நல்லதே. ஆனால் அவ்வெண் வாயிலில் நிற்கும் எண். அது மேசைவரை வருகிறதா என்று எவரும் கேட்பதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வாயிலில் நொடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பு உள்ளது. அதன் முழு வேகத்தில் மேலே சொன்ன ஒரு சுவடிக் கட்டை அனுப்ப 80 நொடி போதும். ஆனால் துறைக் கட்டடத்தின் நடைக்கூடத்தில் பழைய 100 மெகாபிட் சுவிட்சு ஒன்று தூசி படிந்து தொங்குகிறது. 40 கணிப்பொறிகள் ஒரே நேரத்தில் அதன் வழியே வெளியே செல்லப் போட்டியிடுகின்றன. அப்போது ஒருவர்க்குக் கிடைப்பது 2.5 மெகாபிட். அதே சுவடிக் கட்டை அனுப்ப ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும். கல்லூரி மணியடித்து, காவலர் விளக்கை அணைத்து, மின்விசையையும் நிறுத்தும்போது பணி பாதியில் நிற்கும். மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சலித்துப்போன மாணவன் வன்தட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுகிறான். ஹுனைனின் காலத்துக்கே நாம் திரும்பிவிட்டோம்!

ஒரு பொதி தவறினால்

வேகத்தை மட்டும் கூட்டினால் போதுமா? போதாது என்பதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பட்டறிந்து உணர்ந்தன. அந்நாட்டு எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமான 'ஈஎஸ்நெட்' பொறியாளர்கள் இதனை நுணுகி ஆராய்ந்தனர். வலையத்தில் செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒரு பொதி வழியில் தவறினால் அனுப்பும் கணிப்பொறி, பாதையில் நெரிசல் என எண்ணித் தன் வேகத்தைச் சட்டெனக் குறைத்துக்கொள்கிறது. பின்னர் மெல்ல மெல்லக் கூட்டுகிறது. சேருமிடம் அண்மையில் இருந்தால் இழந்த வேகத்தை விரைவில் மீட்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் மீட்பதற்குள் அடுத்த பொதி தவறிவிடும். 22,000 பொதிகளுக்கு ஒன்று தவறவிட்ட பழுதுபட்ட கருவி ஒன்று, தொலைதூரப் பரிமாற்றத்தின் வேகத்தை எவ்வாறு சாய்த்தது என்பதை அவர்கள் எடுத்துக்காட்டாகப் பதிவு செய்தனர். அத்தகைய பழுது அஞ்சல் படிப்போர்க்குத் தெரியாது. பெருந்தரவு அனுப்புவோரையே தாக்கும்.

வாயிலில் நிற்கும் தீயரண் கருவியும் மற்றொரு காரணம். ஆயிரம் பேர் அனுப்பும் ஆயிரம் சிறு செய்திகளைச் சோதிப்பதற்கென அமைந்தது அது. ஒரே பெருஞ்சுமை விரைந்து வரும்போது திணறிப் பொதிகளை நழுவவிடுகிறது. பேருந்தையும் சரக்கு வண்டியையும் மிதிவண்டியையும் ஒரே சோதனைச் சாவடியில் ஒரே வரிசையில் நிறுத்துவது போன்றது இது.

ஆகவே அவர்கள் 'சயன்ஸ் டி.எம்.இசட்.' என்னும் அமைப்பு முறையை வகுத்தனர். அதன் சாரம் எளியது. வளாக எல்லையிலேயே ஆய்வுத் தரவுக்கெனத் தனிப்பாதை ஒன்றைப் பிரித்துவிடுக. அப்பாதையில் தரவு அனுப்புவதற்கென்றே ஒரு சர்வரை நிறுத்துக. யார், எங்கிருந்து அதனை அணுகலாம் என்பதை ரௌட்டரிலேயே வரையறுத்துக் காவல் செய்க. பாதையின் நலத்தை அளவிடும் கருவியை எந்நேரமும் இயங்கச் செய்க. இதனை விளக்கும் ஆய்வுரை 2013இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனம், பல்கலைக்கழக வளாகங்களின் உள் வலையத்தைச் செப்பனிடுவதற்கென்றே நிதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் நெடும்பாதை அகன்றுவிட்டது, தடை வளாகத்துக்குள்தான் உள்ளது என்பதை உணர்ந்ததே அத்திட்டத்தின் அடிப்படை. நாம் கற்க வேண்டிய பாடமும் அதுவே.

வகுப்பறையின் தேவை

ஆய்வு ஒருபுறம் இருக்க, கற்பித்தலுக்கும் இது பொருந்தும். 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களும், 2017இல் வந்த 'ஸ்வயம்' தளமும் சிற்றூர் மாணவர்க்கும் பேராசிரியர் பலரின் பாடத்தைக் கொணர்ந்துள்ளன. ஒளிப்பாடம் ஒன்றுக்கு நொடிக்கு 3 மெகாபிட் எனக் கொள்வோம். 60 மாணவர் ஆளுக்கொரு பாடம் பார்த்தால் 180 மெகாபிட் வேண்டும். 10 மெகாபிட் இணைப்பில் மூவர் பார்ப்பர். மற்ற ஐம்பத்தெழுவர் சுழலும் வட்டத்தைப் பார்த்திருப்பர். உரிமம் இடந்தரும் பாடங்களை வளாகச் சர்வரிலேயே முன்கூட்டிச் சேமித்து வைத்தால் வெளி இணைப்பின் சுமை குறையும். ஆனால் அதற்கும் உள் வலையம் செம்மையாக இருத்தல் வேண்டும்.

எழும் மறுப்புகள்

கைப்பேசியிலேயே இணையம் விரைந்து வருகிறதே, வளாகத்தில் கம்பி எதற்கு என்பர் சிலர். கைப்பேசி இணைப்பு பெரும்பாலும் பெறுவதற்கென அமைந்தது; அனுப்பும் வேகம் அதனினும் குறைவு. மேலும், கைப்பேசி வாங்க இயலாத, தரவுக் கட்டணம் செலுத்த இயலாத மாணவியும் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய கல்வியை அவள் தந்தையின் சட்டைப்பைக்கு விட்டுவிடுவது நிறுவனத்துக்கு அழகன்று.

தனிப்பாதை அமைத்தால் பாதுகாப்புக் குறையும் என்பர் வேறு சிலர். தனிப்பாதை என்பது காவலற்ற பாதை அன்று. அலுவலகக் கணக்கும் மாணவர் மதிப்பெண்ணும் தீயரணுக்குள்ளேயே இருக்கட்டும். வரையறுத்த ஒரு சர்வருக்கு, வரையறுத்த நிறுவனங்களோடு மட்டும் பரிமாற்றம் எனில் காத்தல் எளிதேயாகும்.

செலவு மிகுதி என்பது மூன்றாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆயினும் எது நிலைக்கும், எது தேயும் எனப் பகுத்துப் பார்த்தல் வேண்டும். கட்டடங்களுக்கு இடையே மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஒற்றைமுறை ஒளியிழையை ஒருமுறை இட்டுவிட்டால் அது பல்லாண்டு உழைக்கும். இன்று 1 ஜிகாபிட் செல்லும் அதே இழையில், இருமுனைக் கருவிகளை மாற்றினால் நாளை 10 ஜிகாபிட், மறுநாள் 100 ஜிகாபிட் செல்லும். பெருஞ்செலவு தோண்டுவதிலும் பதிப்பதிலும்தான். புதுக் கட்டடம் எழுப்பும்போதே குழாயும் பதித்துவிட்டால் அச்செலவும் குறையும். சுவர் எழுந்து வண்ணம் பூசிய பிறகு துளையிடும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

மூன்றாம் படி

இவையெல்லாம் வசதி பற்றிய பேச்சாக மட்டும் நில்லாமல், ஏன் அவசரம் என்பதையும் கூறுதல் கடமையாகும். 1258இல் பாக்தாத் வீழ்ந்தபோது அதன் நூலகங்கள் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. மீட்டெடுக்கப் பிறிதோரிடத்தில் படி இல்லாதவை என்றென்றைக்குமாய் மறைந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை கொட்டித் தெருக்கள் வெள்ளக்காடாயின. அரபுத்தமிழ் மரபு தழைத்த ஊர் அது.

படைப்போர், கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என இஸ்லாமியர் தமிழுக்களித்த சிற்றிலக்கிய வகைகள் பல. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா தொடங்கி நாலரை நூற்றாண்டு நீண்ட மரபு இது. இதன் ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் இன்றும் வீடுகளின் பரணிலும் பெட்டியிலும் உறங்குகின்றன. அவற்றைத் தேடிச் சென்று படமெடுக்கும் ஆர்வம் நம் மாணவரிடம் உண்டு. ஆனால் எடுத்த படம் ஒரே வன்தட்டில், ஒரே மேசை இழுப்பறையில் கிடந்தால் ஓலைக்கு வந்த கேடு வன்தட்டுக்கும் வரும். படி மூன்றாக வேண்டும். ஒன்று துறையில், ஒன்று கல்லூரிச் சர்வரில், மூன்றாவது வேற்றூர் நிறுவனம் ஒன்றில். அம்மூன்றாம் படி நாள்தோறும் தானாகச் சென்று சேரும் வழியைத்தான் வலையம் என்கிறோம். ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூற்செல்வம் 1992இல் அவர் மறைந்த பின் சிதறாமல், 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக மலர்ந்ததற்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கை நீண்டது காரணம். ஒவ்வொரு தொகுப்புக்கும் அத்தகைய கை கிடைக்கும் என்று காத்திருத்தல் இயலாது.

செய்யத்தக்கன

கல்லூரி ஆட்சிக்குழுவினர் வலையம் பற்றிக் கூடும்போது கணிப்பொறித் துறையினரை மட்டும் அழைக்கும் வழக்கம் மாறவேண்டும். மொழித் துறையும் நூலகமும் அவ்வவையில் இடம்பெற வேண்டும். இணைப்பின் வேகத்தை வாயிலில் அளப்பதோடு ஒவ்வொரு துறையின் மேசையிலும் திங்கள்தோறும் அளந்து அறிவிப்புப் பலகையில் இட வேண்டும். பழைய சுவிட்சுகளை மாற்றும் வரிசையில் தொலைவிலுள்ள கட்டடம் முதலில் வர வேண்டும். மின்வெட்டின்போதும் வலையக் கருவிகள் இயங்க மின்கல ஏற்பாடு வேண்டும். இவற்றையெல்லாம் பேணத் தகுதியுள்ள ஒரு பொறியாளர்க்கு உரிய ஊதியத்துடன் நிலையான பணி தர வேண்டும். கருவி வாங்கப் பணமுண்டு, காப்பவர்க்குப் பணமில்லை என்னும் நிலையில் எவ்வலையமும் நிலைக்காது.

தமிழ்த் துறையினராகிய நாமும் குற்றமற்றவர் அல்லேம். கேட்காத துறைக்குக் கிடைப்பதில்லை. நமக்கு இத்தனை சுவடி உண்டு, இத்தனை ஜிகாபைட்டு ஆகும், இந்நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் எனக் கணக்கோடு கேட்கக் கற்றல் வேண்டும்.

முன்னாள் மாணவர்க்கும் ஒரு சொல். கல்லூரிக்குக் கொடை அளிப்போர் கட்டடம் எழுப்பித் தருகின்றனர்; வாயிலில் பெயர்க் கல் பதிக்கப்படுகிறது. அக்கொடை வாழ்க. மண்ணுக்கடியில் ஓடும் குழாய்க்குப் பெயர்க் கல் இல்லை. ஆனால் கிணறு வெட்டுவதையும் வாய்க்கால் எடுப்பதையும் நிலைத்த அறமாக, ஸதக்கத்துல் ஜாரியாவாகப் போற்றிய சமுதாயம் நம்முடையது. கொடுத்தவர் மறைந்த பின்னும் பயன் மறையாத கொடை அது. அறிவு பாயும் வாய்க்காலும் அவ்வறத்தின் பாற்பட்டதே. அடுத்த கொடையாளர் மேற்கூரையை விட்டு நிலத்தடியைச் சற்றே நோக்குவாராக. ஆற்று நீர் வாயில்வரை வந்து நிற்கிறது. கடைமடை வயலோ இன்னும் காத்துக் கிடக்கிறது.